வர முடிந்தவர்

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. தன்னால் வேலை செய்ய முடியாது என்று சொல்ல வருகிறவர், அதைச் சொல்வதற்கு நாற்பத்தெட்டுப் படிகள் ஏற வேண்டும். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ‘இயலாதோருக்கு மட்டும். சான்றிதழைக் காட்டிவிட்டு ஏறவும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சான்றிதழை மூன்றாவது மாடியில் கொடுத்தார்கள்.

பீரங்கிக்காரர் நாற்பத்தெட்டையும் ஏறினார். இடையில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியும், வரச் சொன்ன ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வாசல் மேசைக்கு வந்துவிட்டார். படையில் இருந்த பதினோரு வருஷத்தில் அவர் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. உடம்பில் கெடாமல் மிஞ்சியிருந்த பழக்கம் அது ஒன்றுதான். மேசைமேல் தடித்த பதிவேடு ஒன்று கிடந்தது. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கை நடுங்கியதில் அவருடைய கையெழுத்து பக்கத்துக் கட்டத்துக்கும் அதற்கடுத்த கட்டத்துக்கும் போய்வந்தது.

“கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவால்ல சார். நேரத்த மட்டும் தெளிவா எழுதுங்க,” என்றார் காவலாளி. “இங்க அதான் முக்கியம்.”

படையில் அவர் பீரங்கிக்குக் குண்டு ஏற்றுகிறவராக இருந்தார். ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். கடைசிச் சண்டையில் பதினெட்டு நாள் ஓயாமல் ஏற்றினார். பத்தொன்பதாம் நாள் சண்டை நின்றது. கைநடுக்கம் நிற்கவில்லை. முதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. அதைவிடப் பெரிய தொல்லை சத்தம். எங்காவது பட்டென்று ஏதாவது வெடித்தாலோ விழுந்தாலோ, அவர் யோசிப்பதற்குள் உடம்பு தரையில் கிடக்கும். அதன்பிறகு அரை மணி நேரமோ, பொழுது சாயும்வரையோ, தான் எங்கே இருக்கிறோம், எதிரில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு மூன்று வேலைகள் பார்த்தார். துணிக்கடையில் காவலாளியாக இருந்தபோது யாரோ ஷட்டரை இழுத்த சத்தத்தில், ஒரு வாடிக்கையாளரைத் தரையில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவர் போலீசுக்குப் போனார். மரக்கடையில் கணக்கெழுதப் போனார். பலகைகளை இறக்கும்போதெல்லாம் மேசைக்கடியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் வேலை கிடைத்தது. முதல் மணியை அவரே அடித்தார், அவரே விழுந்தார். இரண்டாவது பாடவேளை அன்று தொடங்கவே இல்லை.

அதற்குப் பிறகு குடும்பத்தை அவர் மனைவி நின்றுகொண்டே நடத்தினாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசை முன்னால் தினமும் எட்டு மணி நேரம். இரண்டு கால்களிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. நிற்பதை விட்டால் ஆறும், விடாவிட்டால் காலைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். படையிலிருந்து மாதாமாதம் வந்த சிறு தொகை வாடகைக்கே போதவில்லை. ‘பணியில் ஏற்பட்ட பாதிப்பால் எந்த வேலையும் செய்ய இயலாதவர்’ என்று ஓர் ஆணை கிடைத்தால் முழு உதவித்தொகை வரும்.

“உங்க ஆர்டர் வரட்டுங்க,” என்றாள் அவள், காலில் துணியைச் சுற்றிக்கொண்டே. “வந்த அன்னிக்கே உக்காந்துடறேன். அப்புறம் யார் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன். நீங்க தண்ணி கேட்டாக்கூட.”

நாலாம் ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். அந்த அலுவலகத்தில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். விண்ணப்பத்தை வாங்கினார், புரட்டினார், முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

பீரங்கிக்காரருக்கு நினைவு திரும்பியபோது குமாஸ்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதாச்சும் கீழ விழுந்துடுச்சா சார்? ரொம்ப நேரமா தேடுறீங்களே.”

“இல்லீங்க. சத்தம்.”

“எந்த சத்தம்?”

“நீங்க சீல் குத்தினீங்களே.”

“இதெல்லாம் ஒரு சத்தமா சார்? மேல டைரக்டர் குத்துவார் பாருங்க, அதக் கேக்கணும் நீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூணு எடத்துல வேலை செஞ்சிருக்கீங்க இல்ல? மூணு முதலாளிகிட்டயும், இந்த ஆளால வேலை செய்ய முடியலன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்கே வாங்க.”

இந்தக் காரியம் பீரங்கிக்காரர் நினைத்த மாதிரி எளிதாக இல்லை. மரக்கடை முதலாளி அவரைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கடிதம்தானே என்று உடனே எழுதினார். ‘இவர் நேர்மையானவர். கடும் உழைப்பாளி. இவரை இழந்தது எங்கள் நிறுவனத்துக்குப் பேரிழப்பு.’

“முதலாளி, இது வேணாங்க,” என்றார் பீரங்கிக்காரர். “தயவுசெஞ்சு கொஞ்சம் கேவலமா எழுதிக் கொடுங்க.”

“உங்களப் பத்தியா? நாட்டுக்காகப் போய்ட்டு வந்தவரப் பத்தி தப்பா எழுத என் கை வராதுங்க.”

“நான்தான் உங்க ரெண்டு லோடு கணக்க மாத்தி எழுதினேன். ஞாபகம் இருக்கா?”

“அதெல்லாம் மன்னிச்சாச்சு.”

“மன்னிக்காதீங்க முதலாளி!”

துணிக்கடைக்காரர் கேட்டதைவிட அதிகமாக எழுதிக் கொடுத்தார். அதில் ‘பெண் வாடிக்கையாளரைத் தாக்கியவர்’ என்றிருந்ததால், நலத்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டது. அதை வாங்க ஏழு வாரம் ஆனது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், பீரங்கிக்காரர் அரை நாள்தான் வேலையில் இருந்தார், அதை வைத்துக் கருத்துச் சொல்வது ஆசிரியர் தொழிலுக்கு அழகல்ல என்று பதில் அனுப்பினார்.

அடுத்து, பாதிப்பு பணியினால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அதாவது, பீரங்கி சத்தம் போட்டது என்று படைப்பிரிவிடமிருந்து ஒரு சான்று. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘நமது பீரங்கிகளின் சத்தம் எப்போதும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருந்துவருகிறது. எதிரியின் பீரங்கிச் சத்தத்தைப் பொறுத்தவரை, உரிய சான்றை எதிரித் தரப்பிடம் நேரடியாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ள விண்ணப்பதாரர் அறிவுறுத்தப்படுகிறார்.’

இதற்கிடையில் ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்ன எல்லா நாளைக்கும் அவர் போனார். காலை எட்டேகாலுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார், மாலை ஐந்தரைக்குத் திரும்புவார். பக்கத்து வீட்டுப் பெண் அவர் மனைவியைக் கேட்டாள்: “உங்க வீட்டுக்காரர் மறுபடி வேலைக்குப் போறாராக்கா? எந்த ஆபீஸ்?”

“வேலைக்குப் போக முடியாதுன்னு சொல்ற வேலை,” என்றாள் அவள். “ஞாயிறு மட்டும் லீவு.”

வரிசையில் அவருக்கு ஒரு தோழர் கிடைத்தார். கடற்படையில் எஞ்சின் அறையில் இருந்தவர். எல்லோரும் கப்பல்காரர் என்றார்கள். புகையும் எண்ணெயும் தின்ற நுரையீரல். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து, நாலு வசவு விட்டு, மூச்சை வாங்கிக்கொண்டு பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வந்து சேருவார். சில நாள் வரவே மாட்டார்.

“பீரங்கிண்ணே, உங்களுக்கு அறிவு இருக்கா?” என்றார் ஒருநாள். “முடியாதவன்னு எழுதிக் கொடுத்துட்டு, எட்டு அம்பதுக்கு வந்து நிக்கிறீங்களே. எவன் நம்புவான்?”

“ஒம்பதுக்குன்னு சொல்லியிருக்காங்க.”

“சொன்னா? லேட்டா வாங்க. நடுவுல ரெண்டு நாள் வராதீங்க. வந்தா யாரையாச்சும் திட்டுங்க. நோயாளி மாதிரி நடந்துக்கங்கண்ணே.”

பீரங்கிக்காரர் முயன்று பார்த்தார். மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று முழுவதும் அந்த இரண்டு நிமிடம் அவரை உறுத்தியது.

மருத்துவக் குழு கூடியது. குழுவில் மனநல மருத்துவருக்கு ஓர் இடம் உண்டு. அது ஆறு வருஷமாகக் காலியாக இருந்ததால் பல் மருத்துவர் ஒருவர் அதைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்தார். அவரே குழுத் தலைவரும்கூட.

“சட்டை நல்லா மாட்டியிருக்கீங்களே. பட்டன் யார் போட்டது?”

“வீட்டுக்காரிங்க. எனக்குக் கை நிக்காது.”

“நீங்க சொன்னாதான் போடுவாங்களா?”

“ஆமாங்க. வேலைக்குக் கிளம்பற அவசரத்துல மறந்துடுவா. கூப்பிட்டுச் சொல்லுவேன்.”

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார்: “மற்றவர்களைக் கொண்டு வேலை வாங்கும் திறன் உள்ளது. மேற்பார்வைப் பணிக்குத் தகுதி.”

பிறகு ஒரு காகிதப் பையில் காற்றை ஊதி, அவர் காதுக்குப் பின்னால் வைத்து அடித்தார்.

நினைவு திரும்பியபோது பீரங்கிக்காரர் பரிசோதனைக் கட்டிலுக்குக் கீழே இருந்தார். மேலே தலைவர் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“அரை செகண்ட் கூட ஆகல. முதுகு வலின்னு எழுதியிருக்கான். என்னால இப்படிக் குனிய முடியுமா? நானெல்லாம் இன்னும் வேலை செஞ்சுக்கிட்டுதானே இருக்கேன்.” பிறகு கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். “அப்படியே வாயக் கொஞ்சம் தெறங்க.”

அறிக்கையின் கடைசி வரியில், இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டும் என்று பரிந்துரை இருந்தது. விண்ணப்பித்து வந்த அத்தனை மாதத்தில் நலத்துறை அவருக்குத் தானாக முன்வந்து தர ஒப்புக்கொண்ட உதவி அது ஒன்றுதான்.

அந்த வாரத்திலிருந்து கப்பல்காரரைக் காணவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, பீரங்கிக்காரர் நாலாம் ஜன்னலில் விசாரித்தார்.

“அவருக்கு சாங்ஷன் ஆயிடுச்சு சார். முழுத் தொகை,” என்றார் குமாஸ்தா, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பீரங்கிக்காரருக்குத் தன் ஆணையே வந்ததுபோல இருந்தது. “அடப்பாவி! ஒரு வார்த்த சொல்லல பாருங்க. எங்க இருக்காராம்?”

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். முத்திரையை எடுத்தவர், எதிரில் நிற்பவர் யார் என்று நினைவு வந்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

“ரெண்டாவது மாடித் திருப்பத்துலதான் சார். உக்காந்த மாதிரியே. அதுக்கப்புறம்தான் ஃபைல் மேல போச்சு. இனிமே அவரால எந்த வேலையும் செய்ய முடியாதுன்னு போர்டுக்கு முழு திருப்தி.”

சலவைக்கூடத்தில் மனைவிக்கு எச்சரிக்கை வந்ததும் அதே மாதத்தில்தான். புண்ணிலிருந்து நீர் வடிந்து ஓட்டல் விரிப்பு ஒன்றில் பட்டுவிட்டதாம். இன்னொரு முறை நடந்தால் வரவேண்டாம் என்றார்கள். அவள் காலில் துணிக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே வெந்தது. வீட்டுக்கு வந்து அதை அவிழ்க்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பீரங்கிக்காரர் உதவப் போவார். கை நடுங்கும். “விடுங்க, நீங்க வேற கிச்சுகிச்சு மூட்டாதீங்க,” என்பாள்.

பதினான்காவது மாதம் இறுதி விசாரணைக்கு அழைத்தார்கள். இயக்குநரின் அறையில் அலுவலகம் முழுவதும் கூடியிருந்தது. பீரங்கிக்காரர் எட்டு ஐம்பதுக்கு வந்தார். இயக்குநர் பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். வாசலில் இருந்த பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்திருந்தார்கள்.

“நாங்க மனிதாபிமானத்துல யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல,” என்று இயக்குநர் தொடங்கினார். “உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் மனுஷன்தான். போன வருஷம் எனக்கே ஒரு வாரம் இடுப்பு பிடிச்சுக்கிட்டு, நாலு மாசம் லீவுல இருந்தேன். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. இந்த உதவி முடியாதவங்களுக்கு. முடியாதவங்களால இங்க வர முடியாது. வந்துட்டாங்கன்னா அவங்க முடிஞ்சவங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இந்த அறையில முடியாதவர் ஒருத்தரக்கூட நான் பார்த்ததில்ல. அவ்வளவு கவனமா வேலை செஞ்சிருக்கோம்.”

ஊழியர்கள் தலையை ஆட்டினார்கள்.

“இந்த வருஷம் பதினோரு பேருக்கு முழுத் தொகை கொடுத்திருக்கோம். அதுல ஒருத்தராவது வந்து குறை சொன்னாரா? சொல்லல. அதுதான் சேவை. இப்ப உங்க கேஸ். இருநூத்தி பன்னண்டு நாள் வரச் சொல்லியிருக்கோம். இருநூத்தி பன்னண்டு நாளும் வந்திருக்கீங்க. ஒருநாள்கூட ஒம்பதுக்கு மேல இல்ல. சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கீங்க. என் ஊழியர்கள்ல ஒருத்தர் இப்படி இருந்திருக்காங்களா?” அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. “தொடர்ந்து ஒரு எடத்துக்கு, நேரத்துக்கு வந்து, சொன்னதச் செஞ்சுட்டுப் போறதுக்குப் பேர் என்ன? வேலை. உங்களால வேலை செய்ய முடியும்னு நீங்களேதான் கையெழுத்துப் போட்டு நிரூபிச்சிருக்கீங்க.”

“அய்யா, நீங்க வரச் சொன்னதாலதான் வந்தேன்.”

“பாத்தீங்களா! மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படிதல்.” எழுதிக்கொள்ளும்படி கையைக் காட்டினார்.

“வரலேன்னா மனுவத் தள்ளிடுவோம்னு போட்டிருந்தது.”

“கண்டிப்பா தள்ளியிருப்போம். அதுல பாரபட்சமே கிடையாது.”

“என் வீட்டுக்காரி காலு அழுகிக்கிட்டிருக்குங்கய்யா. இந்த ஆர்டர் வந்தாதான் அவ உக்கார முடியும்.”

இயக்குநர் காகிதங்களைப் புரட்டினார். “அவங்க படையில இருந்தாங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப அது வேற துறை.”

விண்ணப்பம் தள்ளுபடியானது. ஆனால் இப்படி ஒரு நேரந்தவறாமையைப் பாராட்டாமல் அனுப்புவது முறையாகாது என்று இயக்குநர் கருதினார். மரச்சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தயாராக இருந்தது. அதை அவர் நடுங்கும் கைகளில் கொடுத்துவிட்டு, எல்லோரும் கைதட்டுங்கள் என்றார். பதினாறு பேர் ஒரே நேரத்தில் தட்டினார்கள்.

“அட, கால்ல எல்லாம் விழக் கூடாது,” என்றார் இயக்குநர், தரையில் கிடந்தவரின் தோளைத் தட்டி. “என் கடமையத்தான் செஞ்சேன்.”

பீரங்கிக்காரருக்குத் தெளிந்தபோது அறை காலியாக இருந்தது. விளக்கை அணைத்திருந்தார்கள். சான்றிதழ் நெஞ்சின்மேல் கிடந்தது. நாலாம் ஜன்னல் குமாஸ்தா மட்டும் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“எத்தன மணிங்க?”

“நாலரை. எழுந்திரிக்காதீங்க, மெதுவா.” குமாஸ்தா வாசலைப் பார்த்துக்கொண்டார். “சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. ஆனா நீங்க வராதீங்க. இந்தத் தெருப் பக்கமே வராதீங்க. நேர்ல வர முடியாதவங்களுக்குப் பதிலா ரத்த சொந்தமோ, கட்டினவங்களோ வரலாம்னு ஒரு விதி இருக்கு. பிரதிநிதி. அவங்க கையெழுத்துப் போட்டா, எதிர்ல ‘விண்ணப்பதாரர் வர இயலவில்லை’ன்னு நானே எழுதுவேன். ஒரு நூறு நாள் அப்படிப் பதிவாகட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“பிரதிநிதி உக்காரலாமா?”

குமாஸ்தா சான்றிதழை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “நாற்காலி விண்ணப்பதாரருக்குத்தான் சார்,” என்றார்.

பீரங்கிக்காரர் இதை வீட்டில் சொல்லக் கூடாது என்று முடிவுசெய்துதான் போனார். அவள் சான்றிதழைப் படித்தாள், இரண்டு முறை படித்தாள், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள்.

“வேணாம்மா,” என்றார். “வேற வழி பார்ப்போம்.”

“என்ன வழி? சொல்லுங்க, பார்ப்போம்.”

அவர் சான்றிதழைக் கவிழ்த்து வைத்தார்.

“அங்க இஸ்திரி மேசைக்கு எட்டு மணி நேரம் நிக்கிறேன். இங்க உங்களுக்கு நிக்கப் போறேன். கால் ஒண்ணுதானே.” காலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். “எப்படியும் இந்த மாசத்தோட சலவைக்காரங்க என்னை அனுப்பத்தான் போறாங்க. நானே நின்னுட்டேன்னு சொல்லிக்கறேன்.”

“மாடி நாப்பத்தெட்டுப் படி.”

“எண்ணிட்டீங்களா? நல்லதாப் போச்சு, எனக்கு அந்த வேலை மிச்சம்.” எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு மட்டும். நான் போறப்ப நீங்க பின்னாடியே வந்து நிக்கக் கூடாது. யாராச்சும் பார்த்தா எல்லாம் போச்சு. வீட்டுக்குள்ளயே கெடங்க.”

திங்கட்கிழமை அவள் போனாள். ஒன்பதரை வரை அவர் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பிரதான சாலையை விட்டுச் சந்துகள் வழியாக நடந்தார். அலுவலகத்துக்கு எதிரே அச்சகம் ஒன்று இருந்தது. அதன் பக்கச் சுவரை ஒட்டி நின்று பார்த்தார்.

மேல்முறையீட்டு வரிசை மூன்றாவது மாடியிலிருந்து படிகள் வழியாக இறங்கித் தெருவுக்கே வந்திருந்தது. அவள் கடைசி ஆளுக்கு முன்னால் நின்றாள். இடது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, வலது காலில் நின்றாள். பிறகு அதை மாற்றினாள். உடனே மறுபடி மாற்றினாள். பிடித்துக்கொள்ள எதுவும் கைக்கெட்டவில்லை. வெயில் சுவரின் நிழலைத் தின்றுகொண்டே அவளை நோக்கி வந்தது.

போய் அவள் கையைப் பிடித்து, போதும் வா என்று அழைத்துவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சாலையைக் கடக்க ஓர் அடி எடுத்துவைத்தார். அந்த அசைவில் அவள் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். வரிசையைப் பார்க்கக் கீழே வந்திருந்த காவலாளி அவள் பார்வை போன திசையில் தலையைத் திருப்பத் தொடங்கினார்.

அவள், முன்பின் தெரியாத ஓர் ஆளைத் தவறுதலாகப் பார்த்துவிட்டவள்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீரங்கிக்காரர் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார். வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.